ஒரு லீற்றர்

முதலில் சிவப்பாக இருந்திருக்கும்.
வெயில் குடித்துக் குடித்து
பல்முரசின் நிறத்துக்கு வந்திருந்தது.
தபால் கந்தோர் கழித்துவிட்ட வண்டி,
எண்பத்து மூன்றாம் ஆண்டு.
டறில் வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால்
சாய்ந்து நின்றது.
முந்நூறு டொலர் என்றான்.
இருக்கைக்குள் எலி குட்டி போட்டிருந்ததைக் காட்டினேன்.
இருநூற்று இருபது,
எலிகளும் சேர்த்து.

மில்டுராவில் தோடம்பழம் தரம் பிரிக்கிற வேலை எனக்கு.
போக வர நாற்பத்து நாலு கிலோமீற்றர்.
கிழமையில் ஒரு நாள்
கொரோலாவின் வயிற்றுக்காகவே
பழம் பொறுக்கினேன்.

காபரேற்றரின் துளைக்குள் ஊசி விடக்கூடாது.
மீன்பிடி நூலில் ஒரு துண்டு போதும்.
அடைத்திருந்தது பச்சை நிறப் பிசின்,
எத்தனையோ வருடப் பெற்றோலின் பீளை.
பிஸ்ரன் வளையம் புதிது.
ஆறு வோல்ற் பன்னிரண்டானது.
பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால்
நாலு சுற்றில் களைத்தது.
பிரேக்கைத் தளர்த்தி, அச்சுக்குக் கிறீஸ் வைத்தேன்.
பிறகு எண்ணி முடியுமுன்
தேத்தண்ணி பொங்கிவிட்டது.

முன்பல் பதினைந்து.
பதினேழாக மாற்றினேன்.
மேட்டில் முனகும் என்றான் டறில்.
மில்டுராவில்
மேடு எங்கே இருக்கிறது?

பிளக்கைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தேன்.
கறுத்திருந்தால் தின்று கொட்டுகிறது.
வெளுத்திருந்தால் பட்டினியில் உருகும்.
பால்தேத்தண்ணி நிறம் வர
மூன்று ஞாயிறு.

தடைக்காலத்தில்
மண்ணெண்ணெயில் சாலி ஓட்டினவள் நான்.
சேலைன் குழாயால் நாலு சொட்டுப் பெற்றோல்,
உதைக்க, இரும, பிடித்துக்கொள்ளும்.
பிறகு யாழ்ப்பாணம் முழுக்க
என் பாவாடையில் அடுப்பு மணம்.
அந்தச் சொட்டுகளை எண்ணினவளுக்கு
லீற்றர் என்பது
ஒரு குளம்.

தாங்கியை வற்ற வடித்தேன்.
கேக்குக்கு மா அளக்கிற கோப்பையில்
குனிந்து, கோட்டுக்குக் கண்ணை நேரே வைத்து,
ஒரு லீற்றர்.
தெற்கே கோல்டர் நெடுஞ்சாலை.
முழங்கைகள் உள்ளே,
நாடி கிட்டத்தட்ட மீற்றரில்,
காற்றுக்கு ஒளித்துக்கொண்டு
மணிக்கு ஐம்பத்தைந்து.
கோதுமை லொறி ஒன்று
நீளமாகத் திட்டிவிட்டு விலகியது.
றெட் கிளிப்ஸ் போனது.
கார்வாப் போனது.
திராட்சை முடிந்து
புதரும் சிவப்பு மணலும்.
நோவிங்கிக்குச் சற்று அப்பால்
தொண்டையைக் காறி,
இரண்டு தரம் இழுத்து,
நின்றது.

ஐம்பத்தேழும் கொஞ்சமும்.
கொஞ்சத்தைச் சொல்ல
இந்த மீற்றரில் இலக்கம் இல்லை.
வாங்கின புதிதில் முப்பத்தொன்பது.
உள்ளங்கையில் எழுதினேன்.
பிறகுதான் உறைத்தது,
திரும்பிப் போகிற லீற்றரை
வீட்டுப் படியில் வைத்துவிட்டு வந்தது.
தொலைபேசியில் மகனுக்குச் சொன்னேன்:
"கொண்டுவந்தால் பாரம், தம்பி.
கணக்குப் பிழைக்கும்."

ஒரு மணித்தியாலத்தில் துவாரகன் வந்தான்,
வேலைத்தலத்து யூட்டில்.
ஒன்றும் கேட்காமல் வண்டியைத் தூக்கி ஏற்றி
முன்னும் பின்னும் கட்டினான்.
கார்வாப் தாண்டும்வரை பொறுத்தான்.
"அம்மா, வர ஆறு. போக ஆறு.
ஒரு லீற்றரை அளக்கப்
பன்னிரண்டு லீற்றர்."
நான் கண்ணாடியைப் பார்த்தேன்.
அதில் பின்பக்கம் பார்த்து நின்றது
வண்டியின் ஒற்றை விளக்கு,
பிள்ளையார் கோயில் யானை மாதிரி
எதிலும் சம்பந்தமில்லாமல்.

றெட் கிளிப்ஸில் நிறுத்தி
யூட்டுக்கு அடித்தான்.
இலக்கங்கள் ஓடுகிற ஓட்டத்தை
நான் பார்க்கவில்லை.
பற்றுச்சீட்டை என் மடியில் போட்டான்.
உள்ளங்கையில் வியர்வை.
ஐந்து ஏற்கனவே கரைந்து
ஏழு மட்டும் மிச்சம்.

சீட்டைப் புரட்டி
வெறும் பக்கத்தில் எழுதினேன்:
ஐம்பத்தேழு, எதிர்காற்று இருந்தது.
செயினுக்கு எண்ணெய்.
ரயரில் இன்னும் கொஞ்சம் காற்று.
பதினெட்டுப் பல் கிடைக்குமா,
டறிலிடம் கேட்க.